காலி வண்டிதான் உதைக்கும்

அக்கா,

மெக்கானிக் ஏழுமலை வண்டியிலிருந்து கழற்றிக் கொடுத்த ஷாக் அப்சார்பரைக் கோணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கதவு மூலையில் சாய்த்து வைத்திருக்கிறேன். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடு என்றுதான் அவன் சொன்னான். போட மனசு வரவில்லை. அதிலிருந்து கசிகிற எண்ணெய் கோணியை நனைத்து, இந்த ஓரறை வீடு முழுக்க நாறுகிறது. அது என்ன நாற்றம் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அன்றைக்கு மெக்கானிக் கடையில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நேத்து வச்ச சுறாப்புட்டு மாதிரி இருக்குதுடி" என்று நீதான் சொன்னாய். ஏழுமலை அதற்கப்புறம் ஒரு மாதம் சுறா வாங்கவில்லை என்று அவன் பெண்டாட்டி சொன்னாள்.

இந்த நாற்றத்தில் உட்கார்ந்திருக்கும்போது உன்னிடம் பேசவேண்டும் போலிருக்கிறது. உன்னைத் தேடி எங்கே போவது? எங்கள் ஆட்களுக்கு வருஷத்தில் ஒரு கல்லறைத் திருநாள் உண்டு. என் வீட்டுக்காரருக்கு மெழுகுவத்தி கொளுத்தி, பூ போட்டு, அந்த வருஷத்துக்கான சண்டையையும் போட்டுவிட்டு வந்துவிடுவேன். உன் கபர் கோட்டக்குப்பத்தில் இருக்கிறது. பெண்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை என்று உன் மருமகள் பக்குவமாகச் சொல்லிவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். நீ எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், நானும் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். சரியாகப் போயிற்று.

நமக்குள் எப்படி ஒட்டிக்கொண்டது என்று யோசித்தால், ஒரு டீதான் நினைவுக்கு வருகிறது. அப்போது நான் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுசில் படுக்கை விரிப்பு துவைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பஸ்ஸில் வந்து உப்பளத்துக்குத் திரும்புகிற முனையில் இறங்குவேன். அங்கே உன் டீக்கடை. உன் வீட்டுக்காரர் பாய் மௌத்தான பிறகும் கடைக்கு 'பாய் கடை' என்றுதான் பெயர். நானோ புருஷன் இல்லாதவள், பிள்ளை இல்லாதவள், வீட்டுக்குப் போய் யார் முகத்தில் விழிக்கப் போகிறேன் என்று பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் நீ காசை வாங்காமல் கிளாசை மறுபடி நிரப்பி வைத்தாய். "சும்மா உக்காந்திருக்கிறவளுக்கு என்னாத்துக்கு காசு, அந்த வெங்காயத்த உரி" என்றாய். அன்றையிலிருந்து நான் உரித்துக்கொண்டேதான் இருந்தேன்.

கெஸ்ட் ஹவுசை மூடியபோது முதலாளி எனக்கு அந்த நாலு சக்கர பைக்கைக் கொடுத்துவிட்டார். கடற்கரை மணலில் வெள்ளைக்காரப் பிள்ளைகளைச் சுற்றிக் காட்ட வாங்கிய வண்டி. விரிப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு குடிலிலிருந்து இன்னொரு குடிலுக்கு நான்தான் அதை ஓட்டிக்கொண்டிருந்தேன். அதைக் கொண்டுவந்து உன் கடை வாசலில் நிறுத்தியபோது நீ சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாய். "டிராக்டர் போட்ட குட்டியாடி இது?" என்றாய். அந்தப் பெயர்தான் நின்றது. உப்பளம் முழுக்க 'டிராக்டர் குட்டி வருது' என்பார்கள்.

உப்பளத்தில் நல்ல தண்ணீர் கிடையாது. வேலை செய்கிறவர்கள் வீட்டிலிருந்து கொண்டுபோகிற பாட்டில் வெயில் ஏறுவதற்குள் காலியாகிவிடும். டீ குடிக்க உன் கடைவரை நடந்து வந்தால் மேஸ்திரி முறைப்பான். நீ தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் உன் முழங்கால் இரண்டும் எப்போதோ கைவிட்டுவிட்டன. ஸ்கூட்டர் அந்த வரப்புச் சேற்றில் நிற்காது. குட்டிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பின்னால் கேரியரில் தண்ணீர் கேன்கள், முன்னால் நான், பின்சீட்டில் மடியில் டீ டிரம்மோடு நீ. போகிற வழியெல்லாம் என் காதுக்குள் பேசிக்கொண்டே வருவாய். யார் வீட்டில் சண்டை, யார் மகள் வளைகாப்பு, எந்த மேஸ்திரிக்குக் கல்லீரல் போயிற்று. எனக்கு ஒரு வார்த்தை பேச இடம் இருக்காது. அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று உன்னிடம் சொன்னதில்லை.

உப்பு இரும்பைச் சும்மா விடுமா? சேற்றிலும் உப்புத் தண்ணீரிலும் ஓடி ஓடி, மழை முடிந்து பாத்தி கட்டுகிற நேரத்தில் குட்டியின் பின்பக்க ஷாக் பட்டென்று முறிந்தது. அந்தச் சின்ன வண்டிக்குப் பின்னால் இருப்பது அந்த ஒரே ஒரு ஷாக்தான். சக்கரம் வாங்குகிற அடியை ஏறியிருக்கிறவன் இடுப்புக்கு விடாமல் அதுதான் தாங்கும். அது போனதும் வண்டி பின்னங்கால் முறிந்த மாடு போல உட்கார்ந்துவிட்டது. கேன்கள் உருண்டு பாத்தியில் விழுந்தன. நல்லவேளை, நீ அன்றைக்குக் கடையில் இருந்தாய்.

அன்று சாயங்காலமே சவுதியிலிருந்து உன் மகன் போன். கோட்டக்குப்பத்தில் வீடு கட்டி, பெண்டாட்டி பிள்ளைகளை வைத்திருக்கிறான். அம்மா இந்த வயசில் உப்பளத்தில் டீ தூக்குகிறாளே என்று அவனுக்கு ரொம்ப நாளாக மனக்குறை. அது தப்பில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய்.

"வண்டியும் உடைஞ்சிடுச்சு. இன்னும் என்னம்மா அங்க? வூட்டுக்கு வந்துடு."

"உப்பு வார ஆரம்பிக்கறதுக்குள்ள வண்டி ரெடியாவலன்னா வந்துடறேன்டா."

"சத்தியமா?"

"அல்லா மேல ஆணை."

நான் பின்னால் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. நீ போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. பால் சட்டியைத் துழாவிக்கொண்டே, "அங்க போனா மருமவ உக்கார வச்சு சோறு போடுவா. நல்ல புள்ளதான். ஆனா உக்காந்தே சாப்பிட்டா எனக்கு செரிக்காது" என்றாய். எனக்குப் பயமாக இருந்தது அக்கா. நீ போய்விட்டால் மறுபடியும் அந்தப் பெஞ்சு, மறுபடியும் அந்தப் பூட்டின வீடு.

அந்த வண்டிக்கு ஷாக் தேடிய கதையை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. அதைச் செய்த கம்பெனியே இல்லை என்றார்கள். புதுச்சேரியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். முறிந்த துண்டை எடுத்துக் காட்டினால், அது என்னவோ செத்த எலி மாதிரி எட்ட நின்று பார்க்கிறான்கள். கடைசியில் எனக்கே நினைவு வந்தது. மூடிப்போன கெஸ்ட் ஹவுசில் அதே மாதிரி இன்னொரு வண்டி, பெரிய மாடல், என்ஜினைக் கழற்றி விற்றுவிட்டு சவுக்கு மரத்தடியில் போட்டிருந்தார்கள். கோழி அடைந்துகொண்டிருந்தது. முதலாளிக்குப் போன் போட்டேன். எடுத்துக்கொண்டு போ என்றார். ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு போனேன். நம் ஊரில் ஸ்கூட்டரும் மினி லாரியும் பார்க்கிற மெக்கானிக், இந்த மாதிரி வண்டியை அதுவரை தொட்டதில்லை.

"பெரிய மாட்டோட கால எடுத்து கன்னுக்குட்டிக்கு வக்கச் சொல்றியே யக்கா" என்றான்.

"நீ வையி. குட்டி நடக்குதா இல்லையான்னு அப்புறம் பாக்கலாம்."

செங்கல் அடுக்கி வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின்சக்கரத்தைத் தொங்கவிட்டு, மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் நடுவே அளந்தான். பெரிய வண்டியின் ஷாக் இரண்டு விரல் நீளம் கூட. மேல்பக்கத்துத் தகட்டை வெட்டி உயர்த்தி வெல்டு வைத்தான். கீழ்பக்கத் துளையோ போல்ட்டைவிடப் பெரிது, லொடலொடவென்று ஆடியது. நடுவில் புஷ் என்று ஒரு இரும்பு வளையம் வேண்டும், லேத்தில் கடைந்து வரவேண்டும் என்றான். நான் வெல்டிங் பக்கத்தில் நின்றதால், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு நீ தனியாக பஸ் ஏறி வானூர் லேத் கடைக்குப் போனாய். திரும்பி வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்து, தாலிக்குண்டு எடுப்பது போல அந்தப் புஷ்ஷை எடுத்துக் கொடுத்தாய். "நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே போனான். கிளம்ப மாட்டேன்னு கடை வாசல்லயே உக்காந்துட்டேன்" என்றாய். மகன் வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறவள் அப்படி உட்காரமாட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

மாட்டி முடித்ததும் ஏழுமலை வண்டியின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தான். அது அசையவில்லை.

"யக்கா, இது கனமான வண்டியோட ஸ்பிரிங். கெட்டியா இருக்குது. லோடு ஏத்துனா அடங்கும். காலி வண்டிதான் உதைக்கும்."

நான் எங்கே காதில் வாங்கினேன்? தண்ணீர் கேன்களைக் கட்டி, உன்னை உட்கார வைத்து, வரப்பில் ஒரு நடை போய்வந்தேன். குட்டி கம்பீரமாகப் போயிற்று. "எங்கடா உதைக்குது? ஏன்க்கா, உதைக்குதா?" என்று கத்தினேன். பின்னாலிருந்து உன் குரல் வந்தது. "தொட்டில்ல போற மாதிரி இருக்குது."

மகனுக்கு நீயே போன் போட்டுச் சொன்னாய். அவன் பெருமூச்சு விட்டது ஸ்பீக்கரில் கேட்டது. அந்த வருஷத்து முதல் உப்பை வாரியபோது நாம் அங்கே இருந்தோம்.

ஆனால் அந்தப் பருவம் பழையபடி இல்லை. காலையில் கேன் நிறைய ஏற்றிக்கொண்டு போகும்போது என்னோடு வருவாய். கடைசியாக லாரிகளுக்கு உப்பு ஏற்றுகிற களத்துக்குப் போய்ச் சேருவோம். கேன், டிரம் எல்லாம் காலியாகியிருக்கும். திரும்பவேண்டிய நேரத்தில் நீ நழுவுவாய்.

"நீ போ ஸ்டெல்லா. நான் முருகேசன் லாரியில வந்துடறேன். அவன் பாட்டு போடறான்."

முதலில் ஏதோ ஆசை என்று விட்டேன். பிறகு தினமும் அதுவே. குட்டியின் படியில் கால் வைக்க என் தோளைப் பிடித்துக்கொண்டு முனகுகிறவள், அவ்வளவு உயர லாரியில் ஏறுவாய். ஏற்றுக்கூலிப் பெண்கள் ஒரு உப்பு மூட்டையைப் படிக்கட்டு போலப் போட்டு, இரண்டு பேர் கீழிருந்து தள்ளி, ஒருவர் மேலிருந்து இழுத்து, ஒரு கல்யாண ஊர்வலம் போல நடக்கும். நான் குட்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன். "என்கூட வர்றதுக்கு உனக்கு என்னக்கா கஷ்டம்?"

"எவ்ளோ நாளுதான் உன் முதுகையே பாத்துக்கிட்டு வர்றது?" என்று நீ சிரித்தாய். களத்திலிருந்த பெண்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு உலை வைக்கவில்லை. வலித்தது அக்கா. உனக்கு என்மேல் அலுத்துவிட்டது, எல்லாருக்கும் ஒருநாள் அலுக்கும், இவளுக்கும் அலுத்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். நீ எப்போதும் போலக் காதுக்குள் பேசிக்கொண்டு வந்தாய். நான் ம் கொட்டினேன்.

மழை தொடங்கியதும் வழக்கம்போல மருமகள் வீட்டுக்குப் போனாய். தை பிறந்ததும் வர்றேன், கடையை எலி திங்காம பாத்துக்க என்றாய். அங்கே காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி, பிறகு நெஞ்சில் சளி. உன் மருமகள் போன் செய்தபோது நான் உன் கடைக் கூரையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். பஸ் பிடித்து வந்தேன். பெண்களோடு உட்கார்ந்து உன் முகத்தைப் பார்த்தேன். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசல்வரை வந்தேன், அதற்கு மேல் எனக்கு வழி இல்லை. திரும்பி வந்த பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே இருந்தது, யாராவது உட்கார்ந்தால் தேவலை என்றிருந்தது.

இந்தப் பருவத்தில் தனியாகத்தான் போகிறேன். டீ டிரம்மை உன் சீட்டில் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். "பாய் வூட்டம்மா இல்லாம டீ சப்புன்னு இருக்குது" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். சரிதான், சர்க்கரை அதே அளவுதான் போடுகிறேன், எனக்கும் சப்பென்றுதான் இருக்கிறது.

போன வாரம் ஷாக்கிலிருந்து எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. ஏழுமலை வந்து பார்த்தான். "நீ பின்னால உக்காரு, நான் ஓட்டிப் பாக்கறேன். சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு கேளு" என்றான். டிரம்மை அவிழ்த்துவிட்டு உன் சீட்டில் உட்கார்ந்தேன். எத்தனை வருஷம் ஓட்டினேன், ஒருநாள்கூட அங்கே உட்கார்ந்ததில்லை. கேன் எதுவும் இல்லை, வண்டி காலி.

வரப்பில் மடை வெட்டியிருக்கிற முதல் பள்ளத்தில் என் முதுகெலும்பு வாய் வழியாக வந்துவிடும் போல ஒரு உதை. பல்லோடு பல் மோதி நாக்கைக் கடித்துக்கொண்டேன். அடுத்த பள்ளம். அதற்கடுத்தது. "நிறுத்துடா, டேய், நிறுத்து!" என்று கத்தினேன். இறங்கினால் நிற்கமுடியவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அன்னைக்கே சொன்னேனே யக்கா. நீ உக்கார்ற இடம் வண்டிக்கு நடுவுல. அங்க தெரியாது. பின்சீட்டு நேரா சக்கரத்து மேல. லோடு இருந்தா பரவாயில்ல, காலின்னா அத்தனையும் இடுப்புலதான்."

தொட்டிலாம்! உன் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அழுகையும் வந்தது, ஏழுமலை வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். லாரியில் பாட்டு, என் முதுகு பார்த்து அலுப்பு, எல்லாம் கதை. காலியாகத் திரும்புகிற அந்த ஒரு நடையை மட்டும் உன் இடுப்பு தாங்கவில்லை. சொன்னால் நான் வண்டியை அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். வண்டி நின்றால் மகனுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது, நீ கோட்டக்குப்பத்துக்குப் போயிருக்கவேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டு லாரியில் ஏறினாய். ஏன் அக்கா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குட்டியைக் களத்தில் போட்டுவிட்டு நானும் உன்கூட லாரியிலேயே வந்திருப்பேனே. அது ஏன் உனக்குத் தோன்றவில்லை?

"வேற ஷாக் போடு. மெத்துன்னு இருக்கிற மாதிரி" என்றேன்.

"நீ ஒருத்திதான போற. உனக்கு இதுவே ஒண்ணும் பண்ணாதே. பின்னால யாரு உக்காரப் போறாங்க?"

"போடுன்னா போடு."

ஒரு ஸ்கூட்டரின் ஷாக்கை எடுத்து மறுபடி வெட்டி ஒட்டுகிறேன் என்று வண்டியை வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் தண்ணீரும் டீயும் ஆட்டோவில் களம்வரை போயின. திரும்ப வழியில்லாமல் நின்றபோது முருகேசன் லாரியிலிருந்து எட்டிப் பார்த்தான். அதே பெண்கள் எனக்கும் மூட்டையைப் போட்டார்கள். உன் இடத்தில் உட்கார்ந்தேன். பாட்டு போடச் சொன்னேன். ரேடியோ கெட்டு ரொம்ப நாளாகிறது என்றான்.

களத்திலிருந்து முனைவரை அந்த ஒரே மண்ரோடுதான். கொஞ்ச தூரம் போனதும் அவனே சிரித்தான்.

"அந்தம்மா இருந்தப்ப இந்த ரோட்டுல எனக்கு ரெண்டாவது கியரத் தாண்ட விடாது."

"ஏம்பா?"

"உங்க குட்டி முன்னால போவுமில்ல. 'முந்தாதப்பா, புழுதியெல்லாம் அவ மூஞ்சில அடிக்கும்'னு சொல்லும். சரி, ஹாரனாவது அடிச்சா நீங்க ஒதுங்குவீங்க, 'அதுவும் வேணாம், பயந்துடுவா'ங்கும். 'எங்கயாவது கவுந்தா தூக்கி வுட ஆள் வேணாமா, பின்னாலயே போ'ங்கும். லோடு வண்டிய உருட்டிக்கிட்டே வருவேன். பேசவும் பேசாது. கடை வர்ற வரைக்கும் உங்களையே பாத்துக்கிட்டு வரும்."

கண்ணாடிக்கு வெளியே அந்த ரோடு வெள்ளையாகக் கிடந்தது. குட்டிக்கு சைடு கண்ணாடி கிடையாது, அதன் சத்தத்தில் பின்னால் லாரி வருவது காதில் விழாது. போன வருஷம் முழுக்க அந்த ரோட்டில் தனியாகப் போகிறேன் என்று நினைத்துக் குமைந்துகொண்டிருந்தேன்.

நேற்று ஏழுமலை வண்டியைக் கொண்டுவந்து விட்டான். பின்சீட் இப்போது உண்மையிலேயே தொட்டில். இன்று மத்தியானம் காலிக் கேன்களோடு திரும்பும்போது, ரோட்டோரம் சிறுநீர் கழிக்க ஒதுங்கியவர்களுக்காக வேகத்தைக் குறைத்தேன். அப்போது திரும்பினால் பின்னால் முருகேசன் லாரி. முந்தாமல் ஊர்ந்து வந்துகொண்டிருந்தான். என்னிடம் சொல்லிவிட்டோமே என்று அவனுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். சுமை ஏற்றிய வண்டி, டீசல் விற்கிற விலையில் பாவம்.

நான் ஓரம் கட்டினேன். கையை வீசி, "போப்பா, நீ போ" என்றேன். தயங்கித் தயங்கி என்னைத் தாண்டிப் போனான். கண், மூக்கு, வாய் எல்லாம் அப்பிக்கொண்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அது அடங்கும்வரை அங்கேயே நின்றேன். அந்த ரோட்டில் இவ்வளவு புழுதி உண்டு என்று எனக்குத் தெரியவே தெரியாது அக்கா.